'வேணும்' என்ற சொல்லுக்கு வந்த சோதனை

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணிக்கு டெக்சாஸிலிருந்து என் பேத்தி போனில் வருவாள். அங்கே அப்போது காலை பத்து மணி. பள்ளியில் ஸ்பானிய மொழியை எடுத்துப் படிக்கிறாள். தாத்தா சின்ன வயதில் பிரெஞ்சில் படித்தவர், பிரெஞ்சும் ஸ்பானியமும் அக்கா தங்கை மாதிரி, ஆகவே தாத்தாவுக்குத் தெரியாதது இருக்காது என்பது அவள் எண்ணம். அந்த எண்ணத்தை நானும் கெடுப்பதில்லை. அவள் கூப்பிடும் நேரத்துக்கு ஓர் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

சென்ற மாதம் அவளுடைய ஆசிரியை பத்து வாக்கியங்கள் கொடுத்திருந்தார். எல்லாம் வீட்டில் புழங்கும் சின்னச் சின்ன வாக்கியங்கள். அவற்றை இயல்பான ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பேத்தி ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்துவிட்டாள். பத்தில் ஆறுக்குச் சிவப்பு வட்டம்.

முதல் வட்டம் 'தெங்கோ சுவேன்யோ' என்பதற்கு. தெங்கோ என்றால் 'என்னிடம் இருக்கிறது'. சுவேன்யோ என்றால் கனவு. பேத்தி 'எனக்கு ஒரு கனவு உண்டு' என்று மார்ட்டின் லூதர் கிங் பாணியில் எழுதிவிட்டாள். ஆனால் சுவேன்யோ என்பதற்குத் தூக்கம் என்றும் பொருள். அந்த வாக்கியத்தைச் சொன்ன பையனுக்குத் தூக்கம் வருகிறது, அவ்வளவுதான். அடுத்தது 'எஸ்பெரோ'. 'நம்பியிருக்கிறேன்' என்றும் சொல்லலாம், 'காத்திருக்கிறேன்' என்றும் சொல்லலாம். இரண்டையும் ஒரே சொல்லில் வைத்தவர்கள் வாழ்க்கை தெரிந்தவர்கள் என்று எனக்குத் தோன்றியது. 'மே தா பேனா' என்று இன்னொன்று. ஸ்பெயினில் அதைச் சொன்னால் 'எனக்குப் பாவமாக இருக்கிறது'. மெக்சிகோவில் சொன்னால் 'எனக்குக் கூச்சமாக இருக்கிறது'. எந்த ஊர்க்காரர் சொன்னார் என்று தெரியாமல் எப்படி மொழிபெயர்ப்பது?

கடைசி வட்டம்தான் என்னை அன்றிரவு தூங்கவிடாமல் செய்தது. 'தே கியேரோ.' பாடத்தில் ஒரு பாட்டி பேரனிடம் சொல்வதாக வருகிறது. கியேரோ என்றால் 'எனக்கு வேணும்' என்று பேத்தி வகுப்பில் படித்திருந்தாள். கடையில் தண்ணீர் வேணும் என்று கேட்கவும் அதுதான். ஆகவே அவள் 'ஐ வான்ட் யூ' என்று எழுதிவிட்டாள். பாட்டி பேரனிடம் சொன்னதோ 'உன்மேல் எனக்கு அன்பு' என்பது.

"தமிழ்ல இதை எப்படிச் சொல்றது தாத்தா?" என்று கேட்டாள்.

யோசிக்காமல் சொன்னேன்: "எனக்கு நீ வேணும்."

"அப்ப நான் எழுதினதுதானே சரி?" என்று பிடித்துக்கொண்டாள்.

சிரித்துச் சமாளித்தேன். போனை வைத்த பிறகுதான், இதே சொல்லில், ஸ்பானியம் பேசத் தெரிந்த ஒருவர், நம் ஊரிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் கடற்கரையில், ஏறக்குறைய 480 ஆண்டுகளுக்கு முன் தடுக்கி விழுந்த கதை நினைவுக்கு வந்தது. அவர் சவேரியார். பிரான்சிஸ் சவேரியார் என்று நாம் சொல்லும் பிரான்சிஸ்கோ ஹாவியேர்.

இங்கே நான் சமயம் பேச வரவில்லை. இது ஒரு சொல்லின் வரலாறு.

சவேரியார் 1506-ல் நவார் நாட்டில், ஹாவியேர் கோட்டையில் பிறந்தவர். தாய்மொழி பாஸ்க். அது ஸ்பானியத்துக்கோ பிரெஞ்சுக்கோ உறவே இல்லாத மொழி. அதோடு ஸ்பானியம் தெரியும். 1525 முதல் 1536 வரை பாரீசில் இருந்து படித்தும் பாடம் சொல்லியும் வந்ததால் பிரெஞ்சும் லத்தீனும் தெரியும். போர்த்துக்கல் மன்னர் அனுப்பி வந்ததால் போர்த்துக்கீசியமும் பழகியிருந்தார். 1542 மே மாதம் கோவாவில் இறங்கி, அந்த ஆண்டே முத்துக்குளித்துறைக்கு வந்தார். தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம் என்று அந்தக் கரையின் ஊர்கள் நமக்குத் தெரிந்தவைதான். பரதவர்கள் 1530-களிலேயே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு மந்திரம் சொல்லித்தர ஆள் இல்லை. ஐந்து மொழி தெரிந்த மனிதர் வந்தார். ஆறாவது மொழி தெரியவில்லை.

அவர் என்ன செய்தார் என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார். 1544 ஜனவரி 15-ஆம் தேதி கொச்சியிலிருந்து ரோமில் இருந்த தோழர்களுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. பிரெஞ்சு தெரிந்தவன் அகராதி உதவியோடு அந்தக் காலத்து ஸ்பானியத்தை ஒருவாறு எழுத்துக்கூட்டிவிடலாம். அதில் அவர் சொல்வதின் சாரம் இது: அவர்கள் மொழி மலபார், என் மொழி பாஸ்க், ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியவில்லை. ஆகவே அவர்களில் விவரம் தெரிந்தவர்களைக் கூட்டினேன். இரண்டு மொழியும் தெரிந்தவர்களையும் தேடிப் பிடித்தேன். பல நாட்கள் உட்கார்ந்து மிகுந்த சிரமப்பட்டுப் பிரார்த்தனைகளை மொழிபெயர்த்தோம். (மலபார் என்று அந்தக் காலத்து ஐரோப்பியர் சொன்னது தமிழையும் சேர்த்துத்தான்.)

பிறகு அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் ஒரு மணியுடன் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டினார். நாளுக்கு இரண்டு வேளை, ஒரு மாதம். பிள்ளைகள் கற்றதை அப்பா அம்மாவுக்கும் வேலைக்காரர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லித்தர வேண்டும் என்று ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரையும் ஒன்றாகக் கூட்டி, நம்பிக்கை அறிக்கையின் ஒவ்வொரு வரிக்கும் 'இதை நம்புகிறீர்களா?' என்று கேட்பார். அவர்கள் கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு உரத்த குரலில் ஆமாம் என்பார்கள். இதையும் அந்தக் கடிதமே சொல்கிறது.

இந்த இடத்தில்தான் கோளாறு. அந்த நம்பிக்கை அறிக்கை லத்தீனில் 'நான் நம்புகிறேன்' என்ற சொல்லில் தொடங்குவது. ஸ்பானியத்தில் 'க்ரேயோ'. கூடி உட்கார்ந்து மொழிபெயர்த்தவர்கள் அதற்குத் தமிழில் வைத்த சொல் 'வேணும்'. 'எனக்கு வேணும்' என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது.

பிற்பாடு அவருடன் அந்தக் கரையில் வேலை செய்த பிரான்சிஸ்கோ மான்சிலாஸ் என்பவருக்குப் போர்த்துக்கீசியத்தில் எழுதிய கடிதம் ஒன்றில் சவேரியார் இதைத் திருத்துகிறார். 'வேணும்' என்று சொல்லும் இடத்தில் இனி 'விசுவாசம்' என்று சொல்லுங்கள், ஏனென்றால் வேணும் என்றால் 'கேரோ', அதாவது விரும்புகிறேன் என்று பொருள் என்கிறார். கடவுள்மேல் நம்பிக்கை வைக்கிறேன் என்பதுதான் வேண்டும், கடவுளை விரும்புகிறேன் என்பது பொருந்தாது என்கிறார். ஆக, 'வேணும்' என்ற தமிழ்ச் சொல்லுக்கு அவர் கொடுத்த பொருள் 'கேரோ'. என் பேத்தியின் 'கியேரோ'வுக்குப் போர்த்துக்கீசிய உருவம். 480 வருடம் கழித்து அதே இரண்டு சொற்கள் ஒரு டெலிபோனில் சந்தித்துக்கொண்டன.

அதே கடிதத்தில் இன்னொரு திருத்தமும் உண்டு. ஏசு பாடுபட்டதைச் சொல்லும் இடத்தில் 'வாம்பினாலே' என்பதுபோல் ஒரு சொல்லை எழுதி, இதைச் சொல்லாதீர்கள், இதற்குப் பலவந்தத்தால் என்று பொருள், அவர் பாடுபட்டது தன் விருப்பத்தால் என்கிறார். அது 'வன்பினாலே' என்றோ 'வம்பினாலே' என்றோ இருந்திருக்க வேண்டும். 'வம்புக்கு இழுக்காதே' என்று சொல்லும் மதுரைக்காரர்களுக்கு அதன் சுவை தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 

இத்தனை படித்தவர், இத்தனை பேரைக் கூட்டிவைத்து, இத்தனை நாள் உழைத்து, எப்படி இந்தச் சின்னச் சொல்லில் சறுக்கினார்? என் ஊகத்தைச் சொல்கிறேன். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் என்று அவர் தேடிப் பிடித்தவர்கள் போர்த்துக்கீசியத்தை எங்கே கற்றிருப்பார்கள்? படகுத்துறையிலும் முத்துச் சந்தையிலும்தான். சந்தையில் முதலில் காதில் விழும் சொல் 'வேணும்'. எவ்வளவு வேணும், என்ன விலை வேணும், எத்தனை நாளில் வேணும். நம்பிக்கை, அறிக்கை என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. கடவுளை நீ என்ன செய்கிறாய் என்று ஒரு வெள்ளைக்காரச் சாமியார் கேட்டால், 'சாமி எங்களுக்கு வேணும் என்கிறார்' என்று அவர்கள் புரிந்துகொண்டதில் தவறு சொல்ல முடியாது. 

பெரிய சொல்லுக்கு அகராதி இருக்கிறது, பண்டிதர் இருக்கிறார், ஐந்து பேர் கூடி விவாதிப்பார்கள். சின்னச் சொல்லை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று கடந்துவிடுவார்கள். மொழிபெயர்ப்பில் கால் இடறுவது பெரும்பாலும் அங்கேதான்.

'வேணும்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நேற்று சாயங்காலம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, இந்தச் சொல் எத்தனை விதமாக வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். 'என்ன வேணும்ணே?' என்று கடைக்காரர் கேட்டது விருப்பம். 'தேனி பஸ்ஸைப் பிடிக்கணும்' என்று ஒருவர் எழுந்து ஓடியது கட்டாயம். 'வேணும்னே இடிச்சான்' என்று ஆட்டோக்காரர் சொன்னது உள்நோக்கம். 'அவனுக்கு நல்லா வேணும்' என்று இன்னொருவர் சொன்னது, பட்டது சரிதான் என்ற திருப்தி. கலெக்டர் ஆபீசில் தனக்கு 'வேண்டிய' ஆள் ஒருவர் இருப்பதாக ஒரு பெரியவர் சொன்னது நெருக்கம். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா மாரியம்மனுக்கு வைத்திருந்தது 'வேண்டுதல்'. கடைசியில் என்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், என் பக்கத்தில் இருந்த நண்பரைக் காட்டி, 'அவர் உங்களுக்கு என்ன வேணும்?' என்று கேட்டார். அது உறவு. 'எனக்கு மச்சான் வேணும்' என்றேன். இதை ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் போட்டுப் பாருங்கள். எனக்கு ஒரு மச்சான் தேவைப்படுகிறார் என்று வரும்.

மணப்பாட்டில் கைகட்டி நின்று, தம்பிரான் எனக்கு வேணும் என்று சொன்ன ஒரு பரதவப் பெண்மணி இதில் எந்தப் பொருளில் சொன்னாள்? ஆசையிலா, தேவையிலா, உறவு கொண்டாடியா? சவேரியார் திருத்தியது சரி. மூலத்தில் இல்லாததைச் சேர்க்க மொழிபெயர்ப்பாளனுக்கு உரிமை இல்லை. அவர் வைத்த 'விசுவாசம்' நிலைத்துவிட்டது. பழைய ஜெபப் புத்தகங்களில் 'விசுவசிக்கிறேன்' என்றுதான் இருக்கும். ஆனால் இன்று விசுவாசம் என்றால் பலருக்கு முதலில் வீட்டு நாயும், பிறகு ஒரு சினிமாவும்தான் நினைவுக்கு வருகின்றன. சொல்லை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அது அவிழ்த்துக்கொண்டு போய்விடுகிறது.

சவேரியாருக்குப் பின் வந்தவர் இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்தார். என்றிக்கே என்றீக்கசு என்ற போர்த்துக்கீசியர், நாம் அண்டிரிக் அடிகளார் என்று சொல்பவர், 1546-ல் இந்தியா வந்து அந்தக் கடற்கரையிலேயே தங்கினார். கூட்டம் போட்டு மொழிபெயர்க்கவில்லை. லத்தீன் இலக்கணம் படிப்பதுபோல் தமிழ் வினைகளைக் காலம், இடம் பிரித்துத் தானே எழுதிக் கற்றார். துபாஷியை விட்டுவிட்டு நேரே பேசினார். ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் தமிழ் இலக்கணம் அவருடையதுதான். அதன் கைப்பிரதி லிஸ்பனில் இருக்கிறது. 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற பதினாறு பக்கப் புத்தகமும் அவர் கைவண்ணம். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். ஒரு பழைய பிழைக்கு வந்த திருத்தப் பிரதி என்றும் அதைச் சொல்லலாம் என்பது என் அபிப்பிராயம். 1600-ல் இறக்கும்வரை அவருடைய வேலை பெரும்பாலும் அந்தக் கரையிலேயேதான்.

நம் மதுரைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1606-ல் இத்தாலியரான ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபோது, கொன்சாலோ பெர்னாந்தஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் ஏற்கெனவே பத்தாண்டுக்கு மேல் இங்கே இருந்தார். ஊர்க்காரர் யாரும் அவரிடம் சேரவில்லை. நொபிலி காரணம் தேடினார். கிறிஸ்தவராக விருப்பமா என்று கேட்க வேண்டிய இடத்தில், பரங்கிக் குலத்தில் புக விருப்பமா என்ற பொருள்பட ஒரு கேள்வி வழக்கத்தில் இருந்தது. பரங்கி என்றால் கிறிஸ்தவர் என்று பாதிரியார்கள் நினைத்தார்கள். மதுரைக்காரர் காதில் அது போர்த்துக்கீசியச் சாதி என்று விழுந்தது. பரங்கிப்பேட்டையும் பரங்கிமலையும் அந்தப் பரங்கியால் வந்த பெயர்கள். (நம் திருப்பரங்குன்றத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அது சங்க காலத்துப் பெயர்.) நொபிலி அந்தச் சொல்லை விலக்கினார். பூசைக்கு வழங்கிய 'மீசா' போன்ற உச்சரிப்பு தமிழில் மீசையாகக் கேட்கிறது என்று அதையும் மாற்றி 'பூசை' என்றே வைத்தார். அவர் செய்த மற்றவற்றைப் பற்றி அன்றும் சண்டை, இன்றும் சண்டை. அதில் நான் தலையிடவில்லை. சொல்பவர் நினைத்ததையும் கேட்பவர் காதில் விழுந்ததையும் தனித்தனியாக எடை போட்டுப் பார்த்தார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இதுவரை எழுதியது பிறர் கதை. இனி என் கதை ஒன்றையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. ஐம்பது வருடம் யாரிடமும் சொல்லாதது.

எழுபதுகளில் நான் ஓர் அரசாங்க ஆபீசில் இளநிலை எழுத்தர். எந்த ஊர், எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். தமிழ் ஆட்சிமொழி ஆகியிருந்தாலும், மேலே போகும் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதும் பழக்கம் அங்கே விட்டபாடில்லை. ஆங்கிலம் எனக்கு மூன்றாம் மொழி. தமிழில் கேட்டதை மனத்துக்குள் பிரெஞ்சில் போட்டு, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வருவேன். வேகமாக எழுதுகிறான் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

முதியோர் உதவித்தொகை கேட்டு ஒரு விதவை அம்மாவின் மனு வந்தது. ஆதரவற்றவர்களுக்குத்தான் அந்தத் தொகை. கிராமத்தில் விசாரித்து வாங்கிய வாக்குமூலத்தில் ஒரு வரி: 'மகன் ஒருவன் இருக்கிறான். எல்லாவற்றையும் அவனே பார்த்துக்கொள்கிறான்.' கீழே பெருவிரல் ரேகை.

'பார்த்துக்கொள்கிறான்' என்பது எனக்குள் பிரெஞ்சில் 'ஆந்த்ரத்னீர்' ஆனது. ஒரு வீட்டைப் பராமரிப்பதற்கும் அதுதான், ஒரு ஆளுக்குச் சோறுபோட்டுக் காப்பாற்றுவதற்கும் அதுதான். அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது 'மெயின்டெய்ன்ட் பை ஹர் சன்' என்று எழுதினேன். இரண்டு நிமிட வேலை. மேலதிகாரி அந்த வரியைப் படித்தார். ஆதரவு இருக்கிறது என்று மனு தள்ளுபடி ஆனது. அவர் மேல் குற்றம் இல்லை. நான் எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் படித்தார்.

நாலைந்து மாதம் கழித்து அந்த அம்மா நேரில் வந்தார். ரொம்ப தூரம் நடந்து வந்திருந்தார். என் மேஜைக்குத்தான் அனுப்பினார்கள்.

"ஏம்மா, மகன் பாத்துக்கிறான்னு நீங்களே சொல்லியிருக்கீங்களே?" என்றேன்.

"ஆமாய்யா. அவன்தான் எல்லாத்தையும் பாத்துக்கிறான். வீடு, வயலு, ஆடு எல்லாம் இப்ப அவன் கையில. எனக்குன்னு ஒண்ணும் விடல. பக்கத்து வீட்டுல கஞ்சி ஊத்துறாக."

அவர் பொய் சொல்லவில்லை. கிராமத்தில் எழுதி வாங்கியவரும் தவறாக எழுதவில்லை. அந்த வரி தமிழில் இருந்தவரை இரண்டு பொருளும் அதில் உயிரோடு இருந்தன. கிராமத்தில் ஒருவரை அனுப்பி ஒரு கேள்வி கேட்டிருந்தால் விளங்கியிருக்கும். அதில் ஒன்றைக் கொன்று மற்றதை மட்டும் மேலே அனுப்பியவன் நான்.

மறுபடி மனு எழுதி வாங்கிக்கொண்டேன். 'மறு விசாரணை தேவை' என்று குறிப்பு வைத்தேன். 'என் மொழிபெயர்ப்பில் பிழை' என்று எழுதவில்லை. வேலை உறுதியாகாத காலம், பயம். மறு விசாரணைக்கு ஆள் போய், அறிக்கை வந்து, உத்தரவு வர இன்னும் ஏழு மாதம் ஆனது. கடந்துபோன மாதங்களுக்குப் பணம் கிடையாது. இன்றைய கணக்கில் சொற்பத் தொகைதான். அந்த அம்மாவுக்கு அது அரிசி.

உத்தரவு வந்த பிறகு ஒருநாள் வந்து, "நீதான்யா நல்லபடியா எழுதிக் குடுத்த, நல்லா இருப்ப" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் 'பரவாயில்லைம்மா' என்றேன். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சவேரியார் கடிதத்தைப் பிற்காலத்தில் படித்தபோது என்னை நிறுத்தியது அவருடைய தமிழ்ப் பிழை இல்லை. பிழை யாருக்கும் வரும். நாம் சொல்லிக்கொடுத்தது தவறு, இனி அப்படிச் சொல்லாதீர்கள், இப்படிச் சொல்லுங்கள் என்று இரண்டு வரியில் எழுதிவிட்டார். மணி அடித்து ஊரையே கூட்டிச் சொல்லிக்கொடுத்த ஒருவர் அப்படி எழுதுவது லேசான காரியம் இல்லை. கற்றுக்கொண்ட பிள்ளைகள் முன்னால் மறுபடி போய் நின்று மாற்றிச் சொல்ல வேண்டும். நான் மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. அதையும் 'மறு விசாரணை'க்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

அதற்குப் பிறகு பணிக்காலம் முழுவதும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். மனுவில் 'பார்த்துக்கொள்கிறார்', 'இருக்கிறார்', 'விட்டுவிட்டார்', 'வேண்டியவர்' மாதிரியான சொல் வந்தால், மனுதாரர் எதிரில் இருந்தால் 'அப்படின்னா என்னம்மா?' என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுப்பேன். எதிரில் இல்லாவிட்டால், குறிப்பில் அந்தத் தமிழ்ச் சொல்லையே மேற்கோளில் போட்டு, இதற்கு இரண்டு பொருள் உண்டு, எது என்று விசாரிக்கவும் என்று எழுதுவேன். 'இவன் ஒரு தமாஷ் பேர்வழி, தமிழனுக்கே தமிழ் விளக்கம் கேட்கிறான்' என்று சக ஊழியர்கள் கேலி செய்தார்கள். காரணத்தை அவர்களிடம் சொன்னதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேத்தி கூப்பிட்டபோது அந்த அம்மாவின் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "இப்ப அந்தப் பாட்டி இருக்காங்களா தாத்தா?" என்று கேட்டாள்.

"இருக்க மாட்டாங்கம்மா. ரொம்ப நாளாச்சு."

"மீதி வாக்கியத்தை எல்லாம் நான் எப்படி எழுதறது?"

"யார் யாருகிட்ட சொல்றாங்கன்னு முதல்ல பாரு. தெரியலேன்னா டீச்சரைக் கேளு. கேக்கறதுல வெக்கப்படாதே. அதுக்கப்புறம் எழுது."

போனை வைக்கும்முன் 'தே கியேரோ, தாத்தா' என்றாள். அதை மொழிபெயர்க்க எனக்கு அகராதி தேவைப்படவில்லை.